ஒரு பானைச் சோற்றுக்கு எந்தச் சோறு பதம்?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எல்லோருக்கும் ஒரு பட்டம் கிடைக்கும். "அவர் வீட்ல கம்ப்யூட்டர் இருக்கு, அவர்கிட்ட கொடுங்க" என்பதுதான் அது. எனக்கும் கிடைத்தது. எங்கள் நகர் குடியிருப்போர் நலச் சங்கத்தின் சந்தாப் பட்டியல், பொங்கல் விழா நோட்டீஸ், கமிட்டிக் கூட்ட அழைப்பு எல்லாம் என் மேஜைக்கு வந்து சேர்ந்தன. அப்படி வந்த வேலைகளில் ஒன்றுதான் சர்வே.

அதில் நான் செய்த தவறையும், அதைத் திருத்துவதற்காகக் கற்றுக் கொண்ட பாடத்தையும் இந்தக் கட்டுரையில் சொல்கிறேன். உங்கள் கம்ப்யூட்டரில் எக்ஸெல் இருந்தால் நீங்களும் கூடவே செய்து பார்க்கலாம். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம். புள்ளியியல் படித்திருக்க வேண்டியதில்லை. சதவீதம் போடத் தெரிந்தால் போதும்.

நான் எடுத்த முதல் சர்வே

எங்கள் பகுதியில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலை 6 மணிக்குக் குடிநீர் வரும். அதை 10 மணிக்கு மாற்றலாமா என்று ஒரு பேச்சு எழுந்தது. "ஜனங்க என்ன சொல்றாங்கன்னு கேட்டு எழுதிக் கொடுங்க, மாத்திடலாம்" என்று தண்ணீர் விடும் பொறுப்பில் இருந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். சங்கச் செயலாளர் என்னிடம் வந்தார். "சார், நாலு பேரைக் கேட்டு ஒரு சர்வே போட்டுக் கொடுங்க" என்றார்.

நான் நாலு பேரோடு நிற்கவில்லை. பூங்காவுக்குக் காலையில் நடக்க வருபவர்கள், முதல் தெரு மளிகைக் கடைக்கு வருபவர்கள், ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்துக்கு வந்தவர்கள் என்று மொத்தம் 160 பேரைக் கேட்டேன். 125 பேர் 10 மணிதான் வசதி என்றார்கள். அதாவது 78 சதவீதம். எக்ஸெலில் வட்ட வரைபடம் போட்டு, கலர் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். செயலாளருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். அடுத்த வாரமே நேரம் மாறியது.

மூன்று வாரம் கழித்துக் கடைசித் தெருவிலிருந்து ஓர் அம்மா காலிக் குடத்தோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கட்டட வேலைக்குப் போகிறவர். காலை 7 மணிக்குக் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவார். 10 மணிக்குத் தெருக்குழாயில் தண்ணீர் வரும்போது அவர் வீட்டில் ஆள் கிடையாது. மூன்று வாரமாகக் காசு கொடுத்து லாரித் தண்ணீர் வாங்கிக் கொண்டிருக்கிறார்.

"எல்லாரையும் கேட்டுத்தான் மாத்தினோம்னு சொல்றாங்க சார். எங்க தெருவுல யாரையும் கேக்கலியே?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. உள்ளே வந்து ஃபைலைத் திறந்து பார்த்தேன். 160 பேரில் கடைசித் தெருக்காரர்கள் எத்தனை பேர்? தெரியவில்லை. வீட்டு எண்ணையே நான் எழுதி வைக்கவில்லை.

சாம்பிள் என்றால் என்ன?

தங்கை மகளின் பிளஸ் டூ புள்ளியியல் புத்தகத்தை வாங்கி வந்து உட்கார்ந்தேன். முதலில் இரண்டு சொற்களைத் தெரிந்து கொள்வோம்.

யாரைப் பற்றி நாம் தெரிந்து கொள்ள விரும்புகிறோமோ அவர்கள் எல்லோரும் சேர்ந்ததுதான் முழுத்தொகுதி. எங்கள் விஷயத்தில் நகரில் உள்ள எல்லா வீடுகளும் முழுத்தொகுதி. அதிலிருந்து நாம் கேட்பதற்காக எடுத்துக் கொள்ளும் சில வீடுகள்தான் மாதிரி, அதாவது சாம்பிள். எல்லோரையும் கேட்டால் அது முழுக் கணக்கெடுப்பு. மத்திய அரசு எடுக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அந்த வகை. சிலரை மட்டும் கேட்டு எல்லோரையும் பற்றிச் சொன்னால் அது மாதிரிக் கணக்கெடுப்பு.

சிலரைக் கேட்டு எல்லோரையும் பற்றிச் சொல்ல முடியுமா? முடியும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் வீடுகளில் சொல்வது இதைத்தான். ஆனால் அந்தப் பழமொழிக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. பானை முழுவதும் ஒரே மாதிரி வெந்திருக்க வேண்டும். அடியில் குழைந்தும் மேலே நறுக்கரிசியாகவும் இருந்தால், மேலாக எடுத்த சோறு பானையைப் பற்றிப் பொய்தான் சொல்லும். அப்படிப்பட்ட பானையை நன்றாகக் கிளறிவிட்டுத்தான் எடுத்துப் பார்க்க வேண்டும்.

ஊர் என்பது ஒரே மாதிரி வெந்த பானை கிடையாது. பூங்காவுக்கு வருபவர் வேறு, 7 மணிக்கு வேலைக்குக் கிளம்புபவர் வேறு. நான் மேலாக இருந்த சோற்றை மட்டும் 160 தடவை எடுத்துப் பார்த்திருக்கிறேன். கைக்கு எட்டியவர்களை மட்டும் கேட்பதுதான் சர்வேயில் மிக அதிகமாக நடக்கும் தவறு. இன்னொரு 500 பேரைப் பூங்காவிலேயே கேட்டிருந்தாலும் தவறு பெரிதாகியிருக்குமே தவிர சரியாகியிருக்காது.

23 லட்சம் பேரைக் கேட்டும் தப்பான சர்வே

நான் மட்டும் தான் இப்படி என்று நினைத்திருந்தேன். இல்லை. 1936-ல் அமெரிக்காவில் ஜனாதிபதி தேர்தல் நடந்தது. ரூஸ்வெல்ட்டும் ஆல்ஃப் லாண்டனும் போட்டியிட்டார்கள். லிட்டரரி டைஜஸ்ட் என்ற வாரப் பத்திரிகை சுமார் 1 கோடி பேருக்குத் தபாலில் சீட்டு அனுப்பியது. 23 லட்சத்துக்கும் மேற்பட்ட சீட்டுகள் திரும்பி வந்தன. லாண்டனுக்கு 57 சதவீதம் கிடைக்கும் என்று பத்திரிகை எழுதியது.

நடந்தது என்ன? ரூஸ்வெல்ட் சுமார் 61 சதவீத வாக்குகளுடன், 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். காரணத்தைப் பாருங்கள். முகவரிகளைப் பெரும்பாலும் டெலிபோன் டைரக்டரியிலிருந்தும் கார் உரிமையாளர் பட்டியலிலிருந்தும் எடுத்திருந்தார்கள். பொருளாதாரம் படுத்துக் கிடந்த அந்த ஆண்டுகளில் போனும் காரும் வசதியானவர்களிடம்தான் அதிகம். இது முதல் கோளாறு. சீட்டு கிடைத்தவர்களில் நான்கில் ஒருவருக்கும் குறைவானவர்களே பதில் போட்டார்கள். பதில் போட்டவர்களும் போடாதவர்களும் ஒரே மாதிரி நினைப்பவர்கள் இல்லை. இது இரண்டாவது கோளாறு.

அதே தேர்தலில் ஜார்ஜ் கேலப் என்பவர் சுமார் 50,000 பேரை மட்டும் கேட்டு ரூஸ்வெல்ட்தான் வெல்வார் என்று சரியாகச் சொன்னார். வயது, வருமானம், ஊர் என்று ஒவ்வொரு வகையிலும் இத்தனை பேர் என்று ஒதுக்கீடு செய்து கேட்பது அவர் முறை. ஆனால் அந்த ஒதுக்கீட்டுக்குள் யாரைக் கேட்பது என்பதைக் கேட்கப் போனவரே தீர்மானித்தார். 12 ஆண்டுகள் கழித்து 1948-ல் அதுவே காலை வாரியது. ட்யூயி வெல்வார் என்று கேலப் சொன்னார், ட்ரூமன் வென்றார். அதற்குப் பிறகுதான் ஆள் தேர்வை மனிதர் விருப்பத்துக்கு விடக் கூடாது, குலுக்கல் முறைதான் சரி என்பது எல்லோருக்கும் உறைத்தது.

இந்தக் குலுக்கலைத்தான் ராண்டம் சாம்பிள் என்கிறார்கள். பட்டியலில் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் தேர்வாகும் வாய்ப்பு இருக்க வேண்டும். அந்த வாய்ப்பு எவ்வளவு என்பது நமக்குத் தெரிந்திருக்கவும் வேண்டும். பானையைக் கிளறுவது என்று சொன்னேனே, அது இதுதான். 600 துண்டுச் சீட்டு எழுதிப் பானையில் போட்டுக் குலுக்கலாம். உங்களிடம்தான் கம்ப்யூட்டர் இருக்கிறதே. இரண்டே நிமிடத்தில் முடித்து விடலாம்.

முதல் வேலை: பட்டியல்

குலுக்க வேண்டும் என்றால் முதலில் முழுப் பட்டியல் வேண்டும். என்னிடம் சங்கத்தின் சந்தாப் பட்டியல் இருந்தது. அதில் 340 வீடுகள். அதையே எடுத்துக் கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு பார்த்தால் கடைசித் தெருவில் பாதிப் பேர் சங்கத்தில் உறுப்பினர்களே இல்லை. வாடகைக்கு இருப்பவர்களும் அதில் வரவில்லை. பட்டியலில் இல்லாத வீடு எந்தக் குலுக்கலிலும் வராது. டெலிபோன் டைரக்டரியை நம்பியவர்கள் செய்த அதே தவறு.

ஆகவே செயலாளரும் நானும் இரண்டு மாலை நேரங்கள் தெருத் தெருவாக நடந்தோம். மாடிக் குடித்தனம், பின்கட்டு, தகரக் கூரை எதையும் விடாமல், எங்கெல்லாம் தனியாக உலை வைக்கிறார்களோ அதை ஒரு வீடாக எழுதினோம். 612 வீடுகள் வந்தன. கூடவே ஒரு விவரத்தையும் குறித்துக் கொண்டோம். தரைக்கடியில் சம்ப் இருக்கிறதா, தெருக்குழாயில் பிடிக்கிறார்களா என்பதுதான் அது. சம்ப் உள்ள வீடுகள் 408. தெருக்குழாய் வீடுகள் 204.

எக்ஸெலில் குலுக்கல்

இப்போது கம்ப்யூட்டருக்கு வருவோம். ஃபார்முலாக்களை இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்துகளில் தட்டுங்கள்.

1. புதிய ஒர்க்‌ஷீட்டைத் திறந்து முதல் வரிசையில் தலைப்புகளைக் கொடுங்கள். ஏ1-ல் வரிசை எண், பி1-ல் கதவு எண், சி1-ல் தெரு, டி1-ல் வகை, இ1-ல் குலுக்கல்.

2. ஏ2-ல் 1 என்றும் ஏ3-ல் 2 என்றும் தட்டுங்கள். இரண்டு செல்களையும் தேர்ந்தெடுத்து, வலது கீழ் மூலையில் தெரியும் சிறு கட்டத்தை மவுஸால் பிடித்துக் கீழே இழுங்கள். எண்கள் தாமாகவே நிரம்பும். 612 வந்ததும் விட்டு விடுங்கள். கதவு எண், தெரு, வகை ஆகியவற்றை நீங்கள்தான் தட்ட வேண்டும். வகையில் குழாய் அல்லது சம்ப் என்று ஒரே மாதிரி தட்டுங்கள். ஓரிடத்தில் சம்ப் என்றும் இன்னோரிடத்தில் சம்ப்பு என்றும் தட்டினால் கம்ப்யூட்டர் அவற்றை வேறு வேறாக எடுத்துக் கொள்ளும்.

3. இ2-ல் கர்சரை வைத்து =ராண்ட்() என்று தட்டி என்டர் கொடுங்கள். ஆர், ஏ, என், டி என்ற நான்கு எழுத்துகள், பிறகு திறந்து மூடிய அடைப்புக்குறிகள். உள்ளே எதுவும் வேண்டாம். 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட ஒரு தசம எண் வரும். அதன் மூலையில் உள்ள சிறு கட்டத்தில் இருமுறை கிளிக் செய்தால் கடைசி வரிசை வரை நிரம்பி விடும். இதுதான் ஒவ்வொரு வீட்டுக்கும் கிடைத்த குலுக்கல் எண்.

4. இந்தப் படியை மறந்து விடாதீர்கள். ஒர்க்‌ஷீட்டில் எதைத் தட்டினாலும் ராண்ட் எண்கள் எல்லாம் மாறிக் கொண்டே இருக்கும். முதல் தடவை நான் பட்டியலை வரிசைப்படுத்திய உடனே எண்கள் மாறி, என்ன நடந்தது என்றே புரியாமல் விழித்தேன். ஆகவே இ நெடுவரிசை முழுவதையும் தேர்ந்தெடுத்து காப்பி செய்யுங்கள். அதே இடத்தில் ரைட் கிளிக் செய்து பேஸ்ட் ஸ்பெஷல் பிரிவில் வேல்யூஸ் என்பதைத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுங்கள். இனி எண்கள் நகராது.

5. பட்டியலுக்குள் ஏதாவது ஒரு செல்லில் கிளிக் செய்து, டேட்டா பிரிவில் உள்ள சார்ட் கட்டளையைக் கொடுங்கள். முதலில் வகை, அடுத்து குலுக்கல் என்ற இரண்டு நெடுவரிசைகளின்படி வரிசைப்படுத்துங்கள். ஒரே ஒரு நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து சார்ட் செய்து விடாதீர்கள். அப்படிச் செய்தால் எண் ஒரு வீட்டுக்கும் தெரு இன்னொரு வீட்டுக்குமாகக் கலைந்து போகும். முன்னதாக ஃபைலை வேறு பெயரில் சேமித்து வைத்துக் கொள்வது நல்லது.

இப்போது குழாய் வீடுகள் எல்லாம் மேலேயும் சம்ப் வீடுகள் கீழேயும், ஒவ்வொரு பிரிவும் நன்றாகக் குலுக்கப்பட்டு நிற்கும்.

ஏன் இரண்டாகப் பிரித்தோம்?

120 வீடுகளைக் கேட்பது என்று முடிவு செய்திருந்தோம். 612-ல் மூன்றில் ஒரு பங்கு குழாய் வீடுகள். ஆகவே 120-லும் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 40 குழாய் வீடுகள். மீதி 80 சம்ப் வீடுகள். எங்கள் ஷீட்டில் குழாய்ப் பிரிவின் முதல் 40 வீடுகள் 2 முதல் 41 வரையிலான வரிசைகளில் இருந்தன. சம்ப் பிரிவு 206-வது வரிசையில் தொடங்கியது. அங்கிருந்து 285 வரை 80 வீடுகள். அவ்வளவுதான், சாம்பிள் தயார்.

இப்படிப் பிரித்துக் குலுக்குவதை அடுக்கு முறை என்கிறார்கள். பிரிக்காமல் 612-ஐயும் மொத்தமாகக் குலுக்கினாலும் தவறில்லை. ஆனால் அதிர்ஷ்டம் சரியில்லை என்றால் குழாய் வீடுகள் 40-க்குப் பதில் 30 மட்டும் வரலாம். எந்த வேறுபாடு பதிலை மாற்றும் என்று முன்பே தெரிகிறதோ, அதை அடுக்காக வைத்துக் கொண்டால் இந்த ஆபத்து இல்லை.

கம்ப்யூட்டர் கையில் இல்லாத இடத்தில் இன்னொரு வழி உண்டு. 612-ஐ 120-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 5. 1 முதல் 5 வரை ஓர் எண்ணைச் சீட்டுப் போட்டு எடுங்கள். 3 வந்தால் 3-வது வீடு, 8-வது வீடு, 13-வது வீடு என்று ஐந்தைந்தாகப் போக வேண்டும். இது சீரிடைவெளி முறை. ஆனால் ஒவ்வொரு ஐந்தாவது வீடும் மூலை வீடாக அமைந்து விட்டால் மூலை வீட்டுக்காரர்களின் கருத்து மட்டும்தான் கிடைக்கும். இதைக் கவனித்துக் கொள்ளுங்கள்.

பூட்டிய வீடும் ஒரு பதில்தான்

குலுக்கலில் வந்த கடைசித் தெரு வீடு ஒன்றுக்குக் காலை 11 மணிக்குப் போனேன். பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "என்னைக் கேளுங்க சார், ரெண்டும் ஒண்ணுதானே" என்றார். எனக்கும் சபலம் வந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள். காலை 11 மணிக்குப் பூட்டிக் கிடக்கும் வீடு யாருடையது? 10 மணிக்குத் தண்ணீர் பிடிக்க ஆள் இல்லாதவருடையது. அவருக்குப் பதிலாக வீட்டில் இருப்பவரைக் கேட்டால், பழைய தவறு பின்வாசல் வழியாக மறுபடியும் உள்ளே வந்து விடும்.

ஆகவே ஒரு விதி வைத்துக் கொண்டோம். ஒரு வீட்டுக்கு மூன்று தடவை போக வேண்டும். ஒன்று பகலில், ஒன்று இரவு 8 மணிக்கு மேல், ஒன்று ஞாயிற்றுக்கிழமை. அப்படியும் கிடைக்காவிட்டால் பதில் இல்லை என்று எழுத வேண்டும். அடுத்த வீட்டைச் சேர்க்கக் கூடாது. 120-ல் 111 வீடுகளில் பதில் கிடைத்தது. சம்ப் வீடுகளில் 75, குழாய் வீடுகளில் 36. கிடைக்காத 9 வீடுகள் எவை என்பதையும் எழுதி வைத்தோம்.

111 போதுமா?

முதல் சர்வேயில் 160 பேர். இப்போது 111 வீடுகள்தான். குறைந்து விட்டதே என்று செயலாளர் கவலைப்பட்டார். இங்கேதான் ஓர் எளிய கணக்கு உதவுகிறது. ஆம்-இல்லை போன்ற கேள்விக்கு, ராண்டம் சாம்பிளில் வரும் பிழை எவ்வளவு இருக்கலாம் என்று தெரிய வேண்டுமா? 1-ஐ, கேட்டவர்கள் எண்ணிக்கையின் வர்க்க மூலத்தால் வகுங்கள். 100 பேர் என்றால் 10 சதவீதம் முன்னே பின்னே. 400 பேர் என்றால் 5 சதவீதம். 1,100 பேர் என்றால் சுமார் 3 சதவீதம். 10,000 பேர் என்றால் 1 சதவீதம். இப்படிக் குலுக்கி எடுத்த 100 சர்வேக்களில் சுமார் 95 இந்த எல்லைக்குள் அடங்கும் என்பது இதன் பொருள்.

இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். பிழையைப் பாதியாக்க வேண்டுமானால் நான்கு மடங்கு பேரைக் கேட்க வேண்டும். அடுத்து, ஊர் எவ்வளவு பெரியது என்பது இந்தக் கணக்கில் வரவே இல்லை. வீட்டுச் சட்டியாக இருந்தாலும் கல்யாண வீட்டு அண்டாவாக இருந்தாலும், நன்றாகக் கலக்கிய சாம்பாருக்கு உப்புப் பார்க்க ஒரு கரண்டிதான். எங்களைப் போல 612-ல் 111 என்று ஊரின் கணிசமான பங்கையே கேட்டுவிட்டால் பிழை இன்னும் கொஞ்சம் குறையும்.

இதை நம்ப முடியவில்லையா? நானும் நம்பவில்லை. எக்ஸெலில் சோதித்துப் பார்த்தேன். நீங்களும் பாருங்கள். வெற்று ஒர்க்‌ஷீட்டில் ஏ1 முதல் ஏ100 வரை =ராண்ட்() நிரப்புங்கள். சி1-ல் =கவுண்ட்இஃப்(ஏ1:ஏ100,"<0.6") என்று தட்டுங்கள். 0.6-க்குக் குறைவான எண்கள் எத்தனை என்று அது எண்ணிச் சொல்லும். அதாவது 60 சதவீதம் பேர் ஆம் சொல்லும் ஓர் ஊரில் நீங்கள் 100 பேரைக் கேட்டது போல. இனி எஃப்9 கீயை அழுத்துங்கள். ஒவ்வொரு அழுத்தலும் ஒரு புதிய சர்வே. 57, 63, 60, 54, 66 என்கிற மாதிரி எண்கள் ஆடும். ஆனால் பெரும்பாலும் 50-க்கும் 70-க்கும் நடுவிலேயே நிற்கும். நான் அரை மணி நேரம் அழுத்திக் கொண்டிருந்தேன். புத்தகத்தில் படித்தபோது புரியாதது எஃப்9 அழுத்தியபோது புரிந்தது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. இந்தக் கணக்கு குலுக்கி எடுத்த சாம்பிளுக்குத்தான் பொருந்தும். என் முதல் சர்வேயின் 160 பேருக்கு இதே கணக்கைப் போட்டால் 8 சதவீதம்தான் பிழை என்று வரும். உண்மையான பிழை அதைவிடப் பல மடங்கு. தவறாக எடுத்த சாம்பிளைக் கண்டுபிடித்துச் சொல்லும் ஃபார்முலா எக்ஸெலில் இல்லை.

முடிவு என்ன வந்தது?

சம்ப் வீடுகள் 75-ல் 36 வீடுகள் 6 மணி என்றன. அதாவது 48 சதவீதம். ஏறக்குறைய பாதிக்குப் பாதி. குழாய் வீடுகள் 36-ல் 32 வீடுகள் 6 மணி என்றன. 89 சதவீதம். மொத்தமாக 111-ல் 68 வீடுகள் 6 மணிக்கு ஆதரவு, 61 சதவீதம். பிழைக்கு 9.5 சதவீதம் கழித்தாலும் 51.5. பாதிக்கு மேல்தான்.

முதல் சர்வேயில் 6 மணிக்குக் கிடைத்தது 22 சதவீதம். அதே நகர், அதே கேள்வி. கேட்கப்பட்டவர்கள்தான் வேறு.

அடுக்காகப் பிரித்ததால் இன்னொன்றும் தெரிந்தது. சம்ப் வீட்டுக்காரர்களுக்கு நேரம் ஒரு சௌகரியம்தான். எப்போது தண்ணீர் வந்தாலும் சம்ப் தானாக நிரம்பும். தெருக்குழாய்க்காரர்களுக்கு அது அன்றைய தண்ணீர். இந்த விவரத்தோடு ஒரு பக்க அறிக்கை எழுதினேன். முதல் சர்வே எங்கே தவறியது என்பதையும் அதிலேயே ஒப்புக் கொண்டேன். கமிட்டியில் கொஞ்சம் முணுமுணுப்பு இருந்தது. ஆனாலும் நேரம் மறுபடியும் 6 மணிக்கு மாறியது.

நாட்டுக்கே சர்வே எடுப்பது எப்படி?

நம் நாட்டில் இந்தக் கலைக்குப் பெரிய வரலாறு உண்டு. 1931-ல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தைத் தொடங்கிய பி.சி. மஹலனோபிஸ், 1937 முதல் வங்காளத்தில் சணல் எவ்வளவு பரப்பில் பயிராகிறது என்பதைச் சாம்பிள் முறையில் மதிப்பிடும் வேலையில் இறங்கினார். முதலில் சிறிய அளவில் முன்னோட்டம் பார்ப்பது, ஒரே பகுதிக்கு இரண்டு தனித்தனிச் சாம்பிள்களை வெவ்வேறு குழுக்களிடம் கொடுத்து முடிவுகளை ஒப்பிடுவது ஆகியவை அவர் வழிகள். இரண்டு குழுவின் விடையும் வெகுவாக விலகினால் எங்கோ கோளாறு என்று தெரிந்து விடும். நீங்களும் நண்பரும் பட்டியலை இரண்டாகக் குலுக்கிப் பிரித்துக் கொண்டு இதையே செய்யலாம்.

1950-ல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு தொடங்கப்பட்டதும் அவர் முயற்சியால்தான். மஹலனோபிஸ் பிறந்த ஜூன் 29-ஐ 2007 முதல் தேசியப் புள்ளியியல் தினமாகக் கொண்டாடுகிறோம். இவ்வளவு பெரிய நாட்டில் எல்லா வீடுகளுக்கும் ஒரே பட்டியல் போட்டுக் குலுக்க முடியாது. ஆகவே முதலில் கிராமங்களையும் நகர்ப் பகுதிகளையும் குலுக்கி எடுக்கிறார்கள். தேர்வான இடங்களில் மட்டும் வீடுகளைப் பட்டியல் எழுதி, அதிலிருந்து மறுபடியும் சில வீடுகளைக் குலுக்கி எடுக்கிறார்கள். இது பல கட்ட முறை. குடும்பங்கள் எதற்கு எவ்வளவு செலவு செய்கின்றன என்று அறிய 2022-23-ல் நடந்த கணக்கெடுப்பில் 2,61,746 வீடுகளில் விவரம் சேகரித்தார்கள். இத்தனை கோடிக் குடும்பங்கள் உள்ள நாட்டில் அத்தனை வீடுகள் போதுமானதாக இருந்தது.

அடுத்த சர்வேயைப் பார்க்கும்போது

பத்திரிகையிலோ டிவியிலோ இணையத்திலோ ஒரு சர்வேயைப் பார்த்தால் இந்த நான்கு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

எந்தப் பட்டியலிலிருந்து ஆட்களை எடுத்தார்கள்? அதில் விடுபட்டவர்கள் யார்?

யாரைக் கேட்பது என்பதைத் தீர்மானித்தது குலுக்கலா, கேட்கப் போனவரா, அல்லது பதில் சொன்னவரே தாமாக முன்வந்தாரா?

தேர்ந்தெடுத்தவர்களில் எத்தனை பேர் பதில் சொல்லவில்லை?

பிழை எத்தனை சதவீதம் இருக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்களா?

வாட்ஸ்அப் குழுவில் நடக்கும் வாக்கெடுப்புகளும், இணையதளங்களில் பட்டனை அழுத்தச் சொல்லும் கருத்துக் கணிப்புகளும் இரண்டாவது கேள்வியிலேயே நின்று விடும். அவற்றில் லட்சம் பேர் அழுத்தியிருந்தாலும், அழுத்த விரும்பியவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதுதான் தெரியும். பொழுதுபோக்காகப் பாருங்கள், தவறில்லை. தண்ணீர் விடும் நேரத்தை அதை வைத்து மாற்றாதீர்கள்.

இன்று மாலை உங்கள் தெருவில் உள்ள வீடுகளைப் பட்டியலாகத் தட்டுங்கள். =ராண்ட்() போட்டு, எண்களை வேல்யூஸ் ஆக மாற்றி, வரிசைப்படுத்தி, முதல் 10 வீடுகளைப் பாருங்கள். அதில் நீங்கள் ஒரு தடவைகூடப் பேசியிராத வீடு எத்தனை என்று எண்ணுங்கள். எனக்கு 10-ல் 6 வந்தது.